அம்மப்பாவின் றங்குப்பெட்டியும் நாடக நூதனசாலையும்

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓர் ஆசிரியை அனுப்பிய கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அவருடைய அம்மப்பா 1940களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கொழும்பு மேடைகளில் சிறு வேடங்கள் ஏற்றவர். பிற்காலத்தில் திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர். அவர் விட்டுச்சென்ற றங்குப்பெட்டியை அண்மையில் திறந்தபோது, காக்காப்பொன் ஒட்டிய இரண்டு முடிகள் (கிரீடங்கள்), சரிகை வைத்த ஒரு வெல்வெட் மேலங்கி, ஒப்பனைச் சாமான்கள் வைத்த சிறு தகரப்பெட்டி, நோட்டீசுக் கட்டு ஒன்று, படங்கள், மூன்று கசற்றுகள், இவற்றோடு சில பழைய கொப்பிகள் ஆகியன இருந்தனவாம். இவற்றை எங்கே கொடுக்கலாம், நாடகத்துக்கென்றே நூதனசாலை உலகத்தில் உண்டா, ஆடி முடிந்தவுடன் இல்லாமற்போகும் கலையை அங்கே எதைக்கொண்டு காட்டுவார்கள், நாடகமும் அரங்கியலும் படிக்கும் தன் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டியால் பயன் உண்டா என்று அவர் கேட்கிறார்.

நாடக நூதனசாலைகள் உண்டு. ஆனால் பெட்டியை இன்னும் எவரிடமும் கொடுக்கவேண்டாம். உங்கள் பட்டியலில் முதலிடம் பெற்றிருப்பவை முடிகள். கொப்பிகளைக் கடைசியில், ஏதோ மறந்துபோய்ச் சேர்த்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டால் அந்தப் பட்டியலைத் தலைகீழாகத்தான் எழுதுவேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதற்கு முன் உலகத்தில் இத்தகைய நூதனசாலைகள் எப்படித் தோன்றின என்பதைப் பார்த்துவிடலாம்.

பெயர்பெற்ற நாடக நூதனசாலைகளில் பல, தனியொருவருடைய பித்திலிருந்து பிறந்தவை. மொஸ்கோவின் தோல் உற்பத்திக் குடும்பமொன்றில் பிறந்த அலெக்சேய் பக்ருஷின், நாடகத்தோடு தொடர்புள்ளது என்று எதைக் கண்டாலும் வாங்கிக் குவித்து, 1894 ஆம் ஆண்டு தன் சேகரிப்பைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார். 1913 இல் அதனை விஞ்ஞானக் கழகத்துக்கு அன்பளிப்புச் செய்தார். இன்றும் அந்த நூதனசாலை அவர் பெயராலேயே வழங்குகிறது. இலண்டனில் கப்ரியேல் என்தோவன் என்ற அம்மையார், நாடகத்துக்கென ஒரு தேசியச் சேகரிப்பு வேண்டும் என்று 1911 முதல் வாதாடி, தன்னிடமிருந்த 80,000க்கும் மேற்பட்ட நாடக நோட்டீசுகளை 1924 இல் விக்ரோறியா அல்பேட் நூதனசாலை ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். அவர் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. தானே அங்கு போயிருந்து, எந்த நோட்டீசு எந்த அரங்கினுடையது, எந்த இரவினுடையது என்று ஆண்டுக்கணக்காக அட்டவணைப்படுத்தினார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்களுக்கு உதவும்.

தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் 1928 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாடக நூதனசாலை, சேக்ஸ்பியரின் ஆக்கங்கள் முழுவதையும் 40 தொகுதிகளில் யப்பானிய மொழிக்குக் கொண்டுவந்த சுபோச்சி ஷோயோ என்ற பேராசிரியருடைய பணியைப் போற்றி எழுந்தது. எலிசபெத் காலத்து இலண்டன் அரங்கொன்றின் சாயலில் கட்டப்பட்ட அதன் முகப்பே ஒரு மேடையாக அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். இலண்டனிலோ நிலைமை வேறு விதமாகப் போயிற்று. 1987 இல் கொவென்ற் கார்டன் பகுதியில் தனிக் கட்டடமாகத் திறக்கப்பட்ட நாடக நூதனசாலை 2007 இல் மூடப்பட்டது. கட்டடம் போனாலும் பொருட்கள் தப்பின. தாய் நூதனசாலையான விக்ரோறியா அல்பேட்டின் அட்டவணைக்குள் அவை ஏற்கெனவே ஒழுங்காக இருந்தமையே காரணம். நம்மவர்கள் நூதனசாலை என்றவுடன் அடிக்கல்லையும் திறப்பு விழாவையும் முதலில் நினைப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. அரங்கமே நூதனசாலையாகிவிடும் வகை. சுவீடனில் ட்ரொட்னிங்கோம் அரண்மனையோடு சேர்ந்து 1766 இல் கட்டப்பட்ட ஓர் அரங்கம் இருக்கிறது. நாடகப் பிரியரான மூன்றாம் குஸ்தாவ் மன்னர் 1792 இல் முகமூடி நடன விருந்தொன்றில் சுடப்பட்டு இறந்தபின் அது கவனிப்பாரற்றுப் போனது. பிறகு தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் இடமாகவும் பயன்பட்டது. 1921 இல் ஏதோ ஓர் ஓவியத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போன ஆக்னே பெயெர் என்ற ஆய்வாளர், தீட்டிய திரைகளும் காட்சிகளை மாற்றும் மர இயந்திரங்களும் தூசிக்குக் கீழே அப்படியே இருப்பதைக் கண்டார். பழைய கயிறுகளை மாற்றியதும் இயந்திரங்கள் மறுபடி வேலை செய்தன. அடுத்த ஆண்டே அங்கு ஆற்றுகையும் நடந்தது. கடல் அலையைக் காட்டும் உருளைகளையும் இடி முழக்கும் பெட்டியையும் இன்றைக்கும் ஆட்களே கையால் இயக்குகிறார்கள். அந்த அரங்கத்தைக் காத்தது யாருடைய அறிவும் அல்ல, வெறும் அலட்சியம்தான். குளிரும் வரட்சியும் உள்ள நாட்டில் அலட்சியம்கூடச் சில வேளை ஒரு பொருளைக் காக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் அந்தச் சலுகை எவருக்கும் கிடைப்பதில்லை.

இனி நம் நகரத்துக்கு வருவோம். கொழும்பு நூதனசாலை 1877 ஆம் ஆண்டின் முதல் நாளன்று திறக்கப்பட்டது. சிங்கள இசை நாடகமான நூர்த்தியின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படும், சீ. டொன் பஸ்தியனின் 'றொலினா'வும் அதே ஆண்டுக்குரியது. இவ்வாறு நூதனசாலையும் நூர்த்தியும் ஏறக்குறைய ஒரே வயதினவாக இந்நகரில் வளர்ந்தபோதிலும், முன்னதன் கண்ணாடி அலுமாரிகளுக்குள் பின்னதன் கடதாசிகள் போய்ச்சேரவில்லை என்பதே என் ஆதங்கம். அங்கே சிறப்பாக இருப்பவை கோலம் முதலிய ஆடல்களின் முகமூடிகளும் பாவைகளுமாகும். பாவைகளை மேலும் பார்க்க விரும்பினால் தெஹிவளையில் மரபுவழிப் பொம்மலாட்டத்துக்கென ஒரு நூதனசாலை இருக்கிறது. நூற்பாவைக் கூத்தான 'றூகட நாட்டிய' 2018 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முகமூடிக்குத் தென்கரையோர ஊரான அம்பலாங்கொடை இருக்கிறது. மரத்தில் செதுக்கி நிறம் தீட்டிய பொருள் பார்ப்பதற்கு அழகானது, சுவரில் மாட்டலாம், உல்லாசப் பயணிகளும் விரும்புவார்கள். பழுப்பேறிய கொப்பிக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது.

மருதானையில் 1911 இல், சார்ள்ஸ் டயசின் 'பண்டுகாபய' நாடகத்தோடு திறக்கப்பட்ட டவர் மண்டபம் இன்னும் நிற்கிறது. கில்ட்போர்ட் கிறசன்ற் வீதியில் 1953 இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கும் நிற்கிறது. இவ்விரண்டும் நம் நகரத்தின் ட்ரொட்னிங்கோம்கள் என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் நாடகம் படிக்கும் பிள்ளைகளை எங்கே முதலில் கூட்டிக்கொண்டு போவது என்று நீங்கள் கேட்டால், கண்ணாடி அலுமாரிகளைவிட இந்த மண்டபங்களையே சொல்வேன். வெறுமையாக இருக்கும் நேரத்தில் உரிய அனுமதி பெற்று, ஒரு பிள்ளையை மேடையிலும் மற்றொரு பிள்ளையைக் கடைசி வரிசையிலும் நிறுத்தி, ஒலிவாங்கி இல்லாமல் ஒரு வசனத்தைச் சொல்லச் செய்யுங்கள். ஒலிபெருக்கி வராத காலத்து நடிகனுக்குக் குரல் ஏன் எல்லாவற்றுக்கும் முதலாக இருந்தது என்பது அந்த இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

கொழும்பில் நாடக வரலாற்றுக்கு ஒரு நூதனசாலை அமைந்தால், அதில் சிங்களத்துக்கு ஓர் அறை, தமிழுக்கு ஓர் அறை என்று பிரித்துவைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். கடற்கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே வளர்ந்த சிங்கள நாடகம என்னும் ஆடல்வகை, தமிழ்க் கூத்திலிருந்து பெயரையும் அமைப்பையும் இசையையும் எடுத்துக்கொண்டது; அதன் முன்னோடியாகப் பிலிப்பு சிஞ்ஞோவைச் சொல்வார்கள். அந்த நாடகம மரபை அடியாகக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர ஆக்கிய 'மனமே' 1956 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. அந்த வெற்றியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் கூத்தையும் இவ்வாறு புதுக்கலாமே என்று பேராதனையில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) ஆகியவற்றை கூத்துப் பழக்கும் ஆசானான வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோரின் துணையோடு மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்திலிருந்து நாடகமவுக்கும், அங்கிருந்து மனமேக்கும், மனமேயிலிருந்து மறுபடி கூத்துக்கும் போய்வந்த இந்தப் பாதையை நடுவில் சுவர் வைத்து எப்படிக் காட்ட முடியும்?

இசை நாடகத்திலும் இதே கதைதான். பம்பாய்ப் பார்சிக் குழுக்கள் காட்டிய பாணி சிங்களத்தில் நூர்த்தியாகவும் யாழ்ப்பாணத்தில் விலாசமாகவும் கொட்டகைக்கூத்தாகவும் உருவெடுத்தது. ஜோன் டி சில்வாவின் 'சிறிசங்கபோ' (1903) நாடகத்துக்காகப் பிறந்த 'தன்னோ புதுன்கே' பாடலுக்கு இசையமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி. அந்தக் காலத்தில் தென்னிந்தியத் தமிழ்க் குழுக்களுக்கும் கொழும்பு ஒரு முக்கியமான தங்குமடம், கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களில் இந்த நகரத்து மேடைகளில்தான் இணைந்து நடிக்கத் தொடங்கினார்கள். 1927 இல் மணம் செய்துகொண்டார்கள். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பார்த்துத்தான் கலையரசு சொர்ணலிங்கம் (1889–1982) இங்கே படித்தவர்களையும் உத்தியோகத்தர்களையும் நாடகத்துக்கு இழுத்தார். உங்கள் அம்மப்பா மேடையேறியபோது, பகலில் கந்தோர், மாலையில் ஒத்திகை என்ற அந்த வழக்கம் கொழும்புத் தமிழரிடையே நன்றாக ஊன்றியிருந்தது. அவருக்குப் பின்வந்தவர்கள், 1960களிலும் 70களிலும், நா. சுந்தரலிங்கம், அ. தாசீசியஸ், இ. சிவானந்தன் முதலியோராக இந்த நகரத்து மேடைக்கு வேறொரு முகத்தைக் கொடுத்தார்கள். கொப்பிகளில் அந்த மாற்றத்தின் தடம் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே கொப்பிகளுக்கு வருகிறேன். அச்சிட்ட நாடக நூல் ஆசிரியர் எழுதியதைச் சொல்லும். வசனம் எடுத்துக்கொடுப்பவரின் கொப்பியோ அந்த இரவில் உண்மையாக என்ன நடந்தது என்பதைச் சொல்லும். எந்தக் காட்சி வெட்டப்பட்டது, எந்தப் பாட்டுக்கு எந்த வர்ணமெட்டு, எந்த இடத்தில் மணி அடித்துத் திரை விழுத்தவேண்டும், கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிய நாளில் அவருடைய பாட்டை யார் பாடினார் என்பவையெல்லாம் அதன் ஓரங்களில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். பொது மேடைக் காட்சிகள் பற்றிய 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாடகப் பிரதிகளை மேடையேற்றத்துக்கு முன் அனுமதிக்கு அனுப்பவேண்டியிருந்தபடியால், உங்கள் கொப்பிகளுக்குள் அனுமதிக் கடிதமோ முத்திரை விழுந்த தட்டச்சுப் பிரதியோ மடித்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்த வரி சபையில் சொல்லக்கூடாதென்று தடுக்கப்பட்டது என்பதும் தெரியவரும்.

இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் ஒரு மண்டபத்தைத் திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்; மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் நாடகக் கொப்பிகள் அலுமாரி நிறையக் கிடப்பதை நான் முன்னர் கண்டிருந்தேன். நான் போனது ஒரு நாள் பிந்தி. பழைய பேப்பர்காரர் நிறுத்துக் கொண்டுபோய்விட்டார். கூட்டித் தள்ளிய குப்பைக்குள் அரைவாசி கிழிந்த ஒரு கொப்பி மட்டும் அகப்பட்டது. எந்த நாடகம் என்றுகூட இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதில் ஒரு வசனத்துக்கு நேரே, ஓரத்தில், 'இங்கை சனம் சிரிக்கும், பொறு' என்று எழுதியிருக்கிறது. முதல் மேடையேற்றத்துக்குப் பிறகு எழுதியதாகத்தான் இருக்கவேண்டும்; சனம் எங்கே சிரிக்கும் என்பது ஒத்திகையில் தெரியாது. நாடகத்தை எதைக்கொண்டு காட்டுவார்கள் என்று கேட்டீர்கள். அந்த ஐந்தாறு நொடிச் சிரிப்பு விழுந்த இடம் இந்தத் தாளில் குறிக்கப்பட்டிருக்கிறது. எந்த முடியிலும் அது இல்லை.

வீடுகளில் எஞ்சியிருப்பவற்றுக்கு இவ்வளவு பெறுமதி ஏற்பட்டதற்கு நம் வரலாறும் காரணம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் போயின. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளுக்குள் இதைப்போன்ற றங்குப்பெட்டிகள் எத்தனை இருந்தனவோ, அவற்றுக்குக் கணக்கு வைத்தவர் எவரும் இல்லை.

முடிகளையும் மேலங்கியையும் நான் இகழவில்லை. கூத்து முடியின் கனத்தைத் தலையில் ஏற்றிப் பார்க்காதவனுக்கு, அந்த ஆட்டத்தில் கழுத்து ஏன் அப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பது விளங்காது. ஆனால் பொருளை மட்டும் வைத்தால் கூத்து தெரியாது என்பதும் உண்மை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசன் அணியும், விரிந்து நிற்கும் கரப்புடுப்பை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, மேலே விளக்கைப் போட்டு, கீழே பெயர்ப்பலகை வைத்தால், அது ஒரு பெரிய கூடைபோலத்தான் நிற்கும். அந்த உடுப்பு சுழலும்போதே உயிர் பெறுகிறது. சனம் சுற்றிவர இருக்கும் வட்டக்களரிக்காக உண்டானது அது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்பதற்காக உண்டானதல்ல. சட்டம் (அவரவர் பாத்திரத்துக்குரிய பகுதி) கொடுத்து ஆட்டம் பழக்குவது, சதங்கை அணிவது, அடுக்கு (ஒத்திகை) பார்ப்பது, அரங்கேற்றுவது என்று மாதக்கணக்காக ஓர் ஊரே சேர்ந்து செய்யும் காரியத்தின் கடைசி இரவில் அணியப்படுவது அது. எனவே கூத்துக்கு ஒரு நூதனசாலையில் இடம் கொடுப்பவர், நடுவில் வட்டமாக வெறும் நிலத்தை விட்டுவைக்கவேண்டும். ஆண்டில் சில நாட்களாவது ஓர் அண்ணாவியாரை அழைத்து, மத்தளத்தோடும் சல்லரியோடும் அந்த நிலத்தில் பழக்கவைக்கவேண்டும். மன்னாரின் வடபாங்கு, தென்பாங்கு நாடகங்களுக்கும் மலையகத்தின் காமன் கூத்துக்கும் இதே விதிதான். காமன் கூத்தில் தோட்டமே அரங்கு. அதைக் கண்ணாடிக்குள் வைப்பது எப்படி?

ஒப்பனைப் பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் அதனைத் தொட விடாதீர்கள். நீங்கள் திறப்பதானாலும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து திறவுங்கள். நாம் 'அரிதாரம் பூசுதல்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், நஞ்சு. சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு. வெள்ளைக்குப் பயன்பட்ட முத்துவெள்ளை நாகத்தின் ஒட்சைட்டு. அது அவ்வளவு பயமில்லை. ஆனால் பழைய வெள்ளைப் பூச்சுகள் சிலவற்றில் ஈயமும் இருந்தது. பெட்டியில் எது இருக்கிறதென்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்காக எறிந்துவிடவும் வேண்டாம். மூடி, மேலே தெளிவாக எழுதி ஒட்டி, தனியாக வையுங்கள்.

மற்றவற்றைக் காப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கும்; கடதாசிக்கும் துணிக்கும் 50 வீதத்தை அண்டியிருப்பது நல்லது. வீட்டில் அதனைச் சாதிக்க முடியாதபடியால், வெளிச்சுவரை ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றுப்படும் இடத்தில் வைப்பதே நாம் செய்யக்கூடியது. கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறீர்கள். உப்புக்காற்று சரிகையையும் தகட்டையும் கறுக்கவைக்கும். கொப்பிகளிலுள்ள துருப்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே வேண்டாம். நோட்டீசுகளை லமினேற் செய்யும் நல்ல எண்ணம் யாருக்காவது வந்தால் அவரைப் பெட்டிக்குக் கிட்ட விடவேண்டாம், ஏனெனில் ஒருமுறை பிளாஸ்டிக்கோடு உருகி ஒட்டிய கடதாசியைப் பிறகு மீட்க முடியாது. மேலங்கியில் பூச்சி கண்டால் பூச்சி உருண்டை போடுவதைவிட, பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி இரண்டு கிழமை உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் முழுதாக நீங்கும்வரை சுற்றைப் பிரிக்காமல் விடுவது மேல். மடிப்புகளுக்குள் வெள்ளைத் துணிச் சுருள் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். கசற்றுகளை உடனே போட்டுக் கேட்க ஆசை வரும், கேட்கவேண்டாம். நாடாவில் பூஞ்சணம் இருந்தால் முதல் ஓட்டத்திலேயே அறுந்துவிடலாம். ஒலியை இலக்கமுறைக்கு மாற்றத் தெரிந்தவரிடம், ஒரேயொரு முறை ஓட்டுவதற்காகக் கொடுங்கள்.

நோட்டீசுகளில் ஒரு வேடிக்கை இருப்பதைக் கவனிப்பீர்கள். 'வருகிற மார்ச் மாதம் 14 ஆம் திகதி சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு' என்றிருக்கும், ஆண்டு இராது. அன்று படித்தவனுக்கு அது தேவைப்படவில்லை. இதைக் கண்டுபிடிப்பது உங்கள் வகுப்புக்கு நல்ல பயிற்சி. மாதமும் திகதியும் கிழமையும் ஒன்றாகப் பொருந்திவரும் ஆண்டுகள் சாதாரணமாக 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியிலேயே வரும் என்பதால், முப்பது ஆண்டுக் காலத்துக்குள் நாலைந்து ஆண்டுகளே மிஞ்சும். அனுமதிச்சீட்டின் விலை, தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம், அச்சகத்தின் பெயர், ஒரே நோட்டீசில் வரும் நடிகர்களின் பெயர்கள் ஆகியவற்றைக்கொண்டு அதனை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைக்கலாம். பிறகு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த வாரத்து வீரகேசரியையோ தினகரனையோ எடுத்து, நாடக விளம்பரம் வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியதுதான். முன்னது 1930 முதலும் பின்னது 1932 முதலும் வெளிவருவதால் உங்கள் அம்மப்பாவின் காலம் முழுவதும் அவற்றுக்குள் அடங்கும். வரலாறு எழுதும் முறையை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க எனக்கு வேறு வழி தெரியாது.

எங்கே கொடுப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. தமிழ் நாடகத்துக்கென்றே தனியான நூதனசாலை ஒன்றைக் கொழும்பில் நான் கண்டதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுக்கவேண்டும் என்று நினைக்காமல், முதலில் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் பதிந்துவிடுங்கள். கொப்பிகளையும் நோட்டீசுகளையும் படங்களையும் மின்வருடி எடுத்துச் சேமிக்க, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தை அணுகலாம். மூலப்பிரதி உங்களிடமே இருக்கும், உள்ளடக்கம் எல்லோருக்கும் கிடைக்கும். மூலப் பொருட்களுக்கு, வெள்ளவத்தையில் உங்களுக்குப் பக்கத்திலேயே 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. நாடகத்தைப் பாடமாகக் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. எவரிடம் பேசினாலும், வாங்கிவைப்பதற்கு இடம் இருக்கிறதா என்பதைவிட, அட்டவணை செய்ய ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். என்தோவன் அம்மையார் தன் நோட்டீசுகளோடு தானும் கூடப் போனதை மேலே சொன்னேனே, அதன் காரணம் இதுதான். கொடுப்பதாக முடிவானால், பொருட்களின் பட்டியலோடு கையொப்பமிட்ட கடிதம் ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள். பெட்டி பிரிக்கப்படாமல் ஒரே தொகுதியாகவும் உங்கள் அம்மப்பாவின் பெயரிலும் இருக்கவேண்டும், பயன்படாதென்று அவர்கள் கருதும் நாளில் வெளியே தள்ளாமல் உங்களிடம் திருப்பித் தரவேண்டும் என்ற இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம்; பொறுப்புள்ள நிறுவனம் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில், வேடத்தோடு ஒன்பது பேர் நிற்கிறார்கள்; உங்கள் அம்மப்பாவைத் தவிர ஒருவருடைய பெயரும் தெரியாது என்கிறீர்கள். அம்மாவுக்கு 78 வயது, ஒத்திகைகளுக்குத் தகப்பனின் கைபிடித்துப் போனது நினைவிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, தொலைபேசியின் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, படத்தைக் கையில் கொடுங்கள். பெயரை உடனே கேட்காமல், ஒத்திகை எந்த வீட்டில் நடந்தது, தேத்தண்ணி யார் ஊற்றினார், பெண் வேடம் போட்டவர் பகலில் எந்தக் கந்தோரில் வேலை பார்த்தார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பெயர்கள் தாமாக வரும். வரவர, படத்தின் பின்பக்கத்தில் எழுதாமல், தனித் தாளில் இடமிருந்து வலமாக எழுதிக்கொள்ளுங்கள்.